கீழ் என்றால் கிழக்கு

மழைநீர் வடிகால் துறை பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய புதிய வரைபடத்தை மக்கள் பார்வைக்காகத் தெருத் தெருவாக ஒட்டியது. மக்களில் ஒருவர் அதைப் பார்த்தார். தொல்லை அங்கேதான் தொடங்கியது.

பார்த்தவர் மூக்குக்கண்ணாடி செய்து விற்பவர். தெருவில் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்று பெயர். வடிகாலில் அவருக்குப் பெரிய ஈடுபாடு எதுவும் இல்லை. வரைபடத்தை அவர் கடைச் சுவரில், பெயர்ப்பலகையின் பாதியை மறைத்து ஒட்டியிருந்தார்கள். எதை வைத்து மறைத்திருக்கிறார்கள் என்று பார்க்கப் போனவர், கைப்பழக்கத்தில் சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துத் தன் தெருவைத் தேடினார்.

அந்தத் தெரு ஒரு பள்ளம். சுற்றுவட்டார மழையெல்லாம் அங்கே வந்து சேரும். சேர்ந்த தண்ணீர், கண்ணாடிக்காரர் வாசலில் தொடங்கும் ஒரு பெரிய குழாய் வழியாக மேற்கே போய் ஆற்றில் விழும். குழாய் ஆற்றைத் தொடும் இடத்தில் ஓர் இரும்புக் கதவு தொங்கியது. குழாயிலிருந்து தண்ணீர் தள்ளினால் திறக்கும். ஆறு பெருகி எதிர்ப்பக்கம் தள்ளினால் இறுக மூடிக்கொள்ளும். ஏற்பாடு அவ்வளவுதான். அது ஒழுங்காக வேலை செய்ததால் அதைப் பற்றி யாரும் பேசியதில்லை.

வரைபடத்தில் அந்தக் குழாய் ஒரு நீலக் கோடு. கோட்டின்மேல் ஓர் அம்புக்குறி. அம்பு ஆற்றில் கிளம்பி, கண்ணாடிக்காரரின் வீட்டைப் பார்த்து நின்றது.

அவர் உள்ளே போய் அண்ணனிடம் சொன்னார். கடைக்குப் பின்னால், கடையைவிட ஒரு படி தாழ்ந்த அறையில் அண்ணன் படுத்திருந்தார். பெரிய கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இயக்கி ஓய்வு பெற்றவர். இடுப்புக்குக் கீழே கால்கள் இப்போது பேருக்குத்தான். மாடிக்குப் போவது குறுகலான சுழல்படி என்பதால் அவர் மேலே போவதில்லை.

"வேலைல இருந்த வரைக்கும் ஊரையே மேல ஏத்தி விட்டேன். என்னை ஏத்த ஒருத்தனும் இல்ல பாரு" என்பது அவர் வழக்கமாகச் சொல்லும் நகைச்சுவை. கடையின் பெரிய கண்ணாடியில் வருகிறவர்கள் முகம் கட்டிலிலிருந்தே தெரியும். அதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு.

"அம்பு நம்ம வீட்டப் பாக்குதா?" என்றார் அண்ணன். "பாக்கட்டும்டா. வேற யாரு பாக்கறாங்க?"

"விளையாடாத அண்ணா. தப்பா போட்டிருக்காங்க. போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்."

"சொன்னா மாலை போடுவாங்கன்னு நெனப்பா?" என்றாள் மாடிப்படியிலிருந்து கண்ணாடிக்காரரின் மனைவி. "பேசாம ஒக்காருங்க. தண்ணிக்குப் படிக்கத் தெரியாது. அது பாட்டுக்கு ஆத்துக்குப் போகும்."

இந்த விவகாரத்தில் கடைசிவரை யாரும் பேசாத அளவுக்குத் தெளிவான பேச்சு அது. கண்ணாடிக்காரர் அதைக் காதில் வாங்கவில்லை. தவறைக் கண்டால் திருத்திவிட வேண்டும் என்பது கண்ணாடித் தொழிலில் படிந்துபோன குணம்.

வரைபடப் பிரிவு ஒரு நீண்ட கூடம். நடுவில் ஒரு நீண்ட மேசை. மேசை முழுக்க நகரம் விரிந்து கிடந்தது. குளிரூட்டியிலிருந்து சொட்டிய தண்ணீருக்கு ஒரு வாளி வைத்திருந்தார்கள். வாளி நிரம்பித் தரையில் வழிந்து, அதிகாரியின் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அதிகாரி கால்களைச் சற்றுத் தூக்கி வைத்திருந்தார்.

"சார், ஒரு சின்னத் தப்பு."

"தப்பு எங்க? நிலத்துலயா, வரைபடத்துலயா?"

"வரைபடத்துல சார்."

அதிகாரி அவரை இரக்கத்தோடு பார்த்தார். "நிலத்துல தப்புன்னா பராமரிப்புப் பிரிவு இருக்கு. வரைபடத்துல தப்புன்னா பாக்கறதுக்குப் பிரிவே இல்லையே. ஏன் இல்ல? யோசிங்க."

கண்ணாடிக்காரர் யோசித்தார். பிறகு, குழாய் மேற்கே ஓடுகிறது, அம்பு கிழக்கே காட்டுகிறது என்று விளக்கினார்.

அதிகாரி எழுந்து மேசையைச் சுற்றி வந்தார். நகரத்தில் உள்ள அத்தனை அம்புகளும் கிழக்கே காட்டுவதைக் கண்ணாடிக்காரர் அப்போதுதான் கவனித்தார். பயிர் காற்றில் சாய்ந்ததுபோல் ஒரே பக்கம்.

"துறையோட முதல் விதி என்ன தெரியுமா? 'நீர் கீழ்நோக்கிப் பாயும்.' இதுல உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?"

"இல்ல சார். ஆனா கீழ்னா..."

"கீழ்னா?"

"கீழதான் சார். தாழ்வா இருக்கற பக்கம்."

"அது பேச்சு வழக்கு." அதிகாரி வரைபடத்தின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். அங்கே நான்கு திசைகளும் பழைய நிலப்பத்திரங்களின் பாணியில் மேல், கீழ், தென், வட என்று எழுதப்பட்டிருந்தன. "வரைபடத்துல கீழ்னா கிழக்கு. கிழக்குங்கற சொல்லே கீழ்ல இருந்து வந்ததுதான். மேல்னா மேற்கு. மொழி தெரிஞ்ச ஆளுங்க வரைஞ்சது சார் இது. விதியப் படிச்சாங்க, திசையப் பாத்தாங்க, அம்பு போட்டாங்க."

"ஆறு மேற்கல்ல சார் இருக்கு?"

"அது ஆத்தோட பிரச்சினை."

"தண்ணி அப்படிப் போகாதே சார்."

"இப்பதான் நீங்க சரியான விஷயத்துக்கு வர்றீங்க" என்று அதிகாரி மகிழ்ந்தார். "தண்ணி அம்புப்படி போகல. இது நிலத்துல தப்பு. இவ்வளவு காலமா எங்க கவனத்துக்கே வரல. பொறுப்பான குடிமகன் ஒருத்தர் வந்து சொல்ல வேண்டியிருக்கு."

அவர் தானே கூட வந்து கண்ணாடிக்காரரைப் பராமரிப்புப் பிரிவுக்கு அழைத்துப் போனார். அங்கே குள்ளமான, எப்போதும் வியர்த்திருக்கும் ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். குழாய் அம்புக்கு எதிராக ஓடுவதாகக் கண்ணாடிக்காரர் அளித்த புகாரை அவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று ஏற்றுக்கொண்டார். கண்ணாடிக்காரர் அப்படிப் புகார் எதுவும் அளிக்கவில்லை என்பதை அவர் தன்னடக்கமாக எடுத்துக்கொண்டார்.

அந்த வாரமே தெருவைத் தோண்டினார்கள்.

நகர வரலாற்றில் ஒரு புகாருக்கு இவ்வளவு விரைவாக வேலை நடந்தது கிடையாது. எதிர்வீட்டுக்காரர்கள் வந்து கண்ணாடிக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பழைய குழாயைப் பெயர்த்து, ஆற்றுப் பக்கம் உயர்த்தி, வீட்டுப் பக்கம் தாழ்த்திப் புதைத்தார்கள். தாழ்த்தத் தாழ்த்த வாசலில் பள்ளம் ஆழமானது. தோண்டியவர்களின் தலை முதலில் தெரிந்தது, பிறகு குரல் மட்டும் கேட்டது.

"அளவெல்லாம் சரியா இருக்கா?" என்று கண்ணாடிக்காரர் மேற்பார்வையாளரிடம் பயந்து பயந்து கேட்டார்.

"உங்க பூதக்கண்ணாடியக் கொஞ்சம் குடுங்க." மேற்பார்வையாளர் சுவரில் ஒட்டிய வரைபடத்தில் அம்பின் நுனியைப் பார்த்தார். கண்ணாடிக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். நுனி வாசலோடு நிற்கவில்லை. வீட்டுக்குள் புகுந்து, கடையைத் தாண்டி, பின்னறையில் முடிந்தது. "நீங்களே பாருங்க. உங்க கண்ணாடி, உங்க கண்ணு. நாங்க ஒண்ணும் கூட்டிச் சொல்லல."

குழாய் வீட்டுக்குள் நீண்டது. அண்ணனின் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில், கட்டில் உயரத்துக்குக் கீழே, ஒரு வட்டத் துளை போட்டார்கள். வேலை நடந்தபோது அண்ணன் கட்டிலில் சாய்ந்தபடி சுத்தியல் அடிப்பவர்களுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். வேலை முடிந்து அவர்கள் போன பிறகு துளையைப் பார்த்தபடி படுத்திருந்தார். துளையிலிருந்து ஆற்றின் வாடை வந்தது. வாடையோடு, தொலைவில் யாரோ பெருமூச்சு விடுவதுபோல் ஓர் ஓசையும் வந்தது. மறுநாள் காலை கடையில் தட்டுகளில் அடுக்கியிருந்த கண்ணாடிகள் எல்லாம் பனி படர்ந்து கிடந்தன. துடைத்தால் மறுபடி படர்ந்தன.

"என்னங்க," என்றாள் மனைவி, "அம்ப விடுங்க. மாமாவ மேல தூக்கற வழியப் பாருங்க."

"மழைக்கு முன்னாடி திருத்திடுவாங்க. பேசிக்கிட்டுதான் இருக்கேன்."

"நீங்க பேசப் பேசத்தான் குழி ஆழமாகுது. கவனிச்சீங்களா?"

"நான் எங்கயும் வரல" என்றார் அண்ணன். "மேல போனா அப்புறம் என்னை இறக்க மாட்டீங்க. நாலு மூஞ்சிய நான் எங்க பாக்கறது? நகர வேண்டியது ஆறுதான், நான் இல்ல."

அடுத்து வந்தவர்கள் நாடாவால் வீட்டை அளந்தார்கள். நீளம், அகலம், பிறகு கூரைவரை உயரம். கடைசியில் வந்த வரைபட அதிகாரி, அளவைப் பார்த்துத் திருப்தி அடைந்தார். ஓரத்தில் நின்ற கண்ணாடிக்காரரின் தோளில் கை போட்டுப் பேசினார்.

"அம்பு முடியற எடம் என்னவா இருக்கணும் சொல்லுங்க? ஆறு, ஏரி, குளம். இல்லேன்னா கடல். இங்க முடியுது. அதனால இது நீர்நிலை. இனிமே வரைபடத்துல உங்க வீடு நீலமா வரும். சந்தோஷமான விஷயம்தான். ஆனா ஒரு சிக்கல் இருக்கு."

"என்ன சார்?"

"நீர்நிலைக்குள்ள குடியிருக்கீங்க. கடை வேற வெச்சிருக்கீங்க. இத ஆக்கிரமிப்புன்னு சொல்லுவாங்க."

"எங்க வீடு சார் இது. எங்கப்பா கட்டினது."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்றார் அதிகாரி, வருத்தத்தோடு. "ஒரு ஏரிய அழிக்கறதுக்கு ஒரு தலைமுறை போதும்."

துறைக்கு ஈரம் உண்டு என்பதால் உடனே வெளியேற்றவில்லை. நீர்நிலையில் உள்ள பொருட்களை மட்டும் வகைப்படுத்தச் சொன்னார்கள். மேற்பார்வையாளர் சுண்ணாம்புக்கட்டியோடு வந்து மேசை, நாற்காலி, அலமாரி ஒவ்வொன்றிலும் 'மிதக்கும்' அல்லது 'மிதக்காது' என்று எழுதினார். கண் பரிசோதனைப் பலகை மிதக்கும். லென்ஸ் அரைக்கும் இயந்திரம் மிதக்காது. மனைவியின் தையல் மெஷினுக்கு எதை எழுதுவது என்று சற்று யோசித்துவிட்டு 'மிதக்காது' என்று எழுதினார். கட்டிலருகே வந்ததும் நின்றுவிட்டார்.

"பெரியவரே, நீச்சல் தெரியுமா?"

"லிஃப்ட் ஓட்டத் தெரியும்."

"காலு?"

"இருக்கு. சொன்னா கேக்காது."

மேற்பார்வையாளர் அண்ணனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். சுண்ணாம்புக்கட்டி காற்றில் இரண்டு மூன்று முறை போய் வந்தது. கடைசியில் கட்டில்காலில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு, அண்ணனின் போர்வையை மரியாதையாகச் சரிசெய்துவிட்டுப் போனார்.

"இவ்வளவு நாள்ல என்னைப் பத்தி ஒரு ஆபீஸ்காரன் சந்தேகப்பட்டது இதான் முதல் தடவ" என்றார் அண்ணன். அவர் குரலில் சிரிப்பு இல்லை.

கண்ணாடிக்காரர் சொல்லாய்வுக் குழுவுக்குப் போனார். சொல்லில் வந்த சிக்கலைச் சொல்லில் தீர்த்துக்கொள்ளலாம் என்று வரைபட அதிகாரிதான் வழி காட்டினார். குழுவில் இருந்தவர்கள் நல்லவர்கள். கீழ் என்ற சொல்லுக்குத் தாழ்வு என்றும் பொருள் உண்டு என்பதை ஒருமனதாக ஏற்றார்கள். கண்ணாடிக்காரருக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"அப்ப அம்பத் திருப்பிடுவீங்களா ஐயா?"

"எதுக்கு?" என்றார் குழுவில் மூத்தவர். "மேற்குங்கறது மேல். ஆறு மேற்க இருக்கு, அதனால மேல இருக்கு. நீங்க கிழக்க இருக்கீங்க, அதனால கீழ இருக்கீங்க. மேல இருக்கற தண்ணி கீழ வரும். நீங்க சொல்ற பொருளும் சரி, அவங்க சொல்ற பொருளும் சரி. மொழியில முரண்பாடே இல்ல. பெருமையான விஷயம்."

குழாயைப் புதைக்கத் தோண்டிய பிறகு, இப்போது அது உண்மையாகவும் இருந்தது.

இரும்புக் கதவு பிறகு வந்தது. ஆற்றுமுனை இப்போது குழாயின் தொடக்கம். தொடக்கத்துக்குக் கதவு எதற்கு? முடிவுக்குத்தான் வேண்டும். அதனால் ஆற்றிலிருந்து அதைக் கழற்றிக் கொண்டுவந்து அண்ணனின் அறைச் சுவரில் துளையின்மேல் தொங்கவிட்டார்கள். துருவைச் சுரண்டிப் பச்சை வண்ணம் அடித்தார்கள். கண்ணாடிக்காரர் கையால் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. மேற்பார்வையாளர் சிரித்தார்.

"அந்தப் பக்கத்துல இருந்து தள்ளணும். உள்ள வரும். திரும்பிப் போகாது. நல்ல கதவு."

"போகணும்னா?"

"எது?"

"தண்ணி. வந்துட்டு, அப்புறம் போகணும்னா?"

மேற்பார்வையாளர் இந்தக் கேள்வியை முதல்முறையாகக் கேட்டவர்போல் நின்றார். "ஏரியில இருந்து தண்ணி எங்க சார் போகும்?" என்றார்.

திறப்பு விழா நாளில் வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. தெருவில் பந்தல் போட்டு, கண்ணாடிக்காரர் வீட்டின் பக்கவாட்டில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். பின்னறையின் பக்கச் சுவரை இடித்துப் பெரிய ஜன்னல் வைத்திருந்தார்கள். கதவு இயங்குவதை விருந்தினர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். கட்டிலில் இருந்த அண்ணனும் தெரிந்தார். சிலர் அவரைப் பார்த்துக் கையசைத்தார்கள். அவர் கையசைக்கவில்லை.

ஆற்றின் மேல்பகுதியில், மலைப்பக்கம், நேற்றிலிருந்து மழை கொட்டுவதாகப் பந்தலில் யாரோ சொன்னார்கள். துறையினர் முகம் மலர்ந்தது.

துறையின் ஆணையர் ஒலிபெருக்கி முன் வந்தார்.

"மழை பெஞ்சா தண்ணி எங்க போகும்னு தெரியாத நகரங்கள் உலகத்துல எத்தனையோ இருக்கு. நாமளும் அப்படித்தான் இருந்தோம். ஒரு மழைக்கு இந்தத் தெரு, அடுத்த மழைக்கு அந்தத் தெரு. எந்த வீட்டுக்குள்ள எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. இத ஒரு நிர்வாகம்னு சொல்ல முடியுமா? இன்னைக்கு நான் பெருமையா சொல்றேன். இனிமே ஒரே வீடு."

கைத்தட்டல்.

"விலாசம் இருக்கு. கதவு இருக்கு. அளந்து வெச்சிருக்கோம். யாராவது நாளைக்கு, 'ஏம்பா, எங்க வரிப்பணம் எல்லாம் எங்க போச்சு, தண்ணி எங்க போச்சு'ன்னு கேட்டா, ரெண்டுக்கும் சேத்து ஒரே எடத்தக் காட்டுவோம். இந்தத் திட்டத்துக்குக் காரணம் நாங்க இல்ல. தானா முன்வந்து புகார் குடுத்த அந்தக் குடும்பம். அவங்க எங்க இருக்காங்க?"

அந்தக் குடும்பம் வீட்டுக்குள் இருந்தது. கண்ணாடிக்காரரின் மனைவி ஆணையரின் பேச்சு தொடங்கியபோதே கீழே இறங்கி வந்து, அண்ணனின் போர்வையை விலக்கி, அவர் கைகளைத் தன் கணவரின் கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு புடவையால் இருவரையும் சேர்த்து முடிச்சுப் போட்டாள்.

"வேண்டாம்மா" என்றார் அண்ணன்.

"வாய மூடிக்கிட்டு வாங்க மாமா. உங்களக் கேக்கல."

"நான் ஒரு தடவ ஆணையர்கிட்டயே..." என்று தொடங்கினார் கண்ணாடிக்காரர்.

"ஏறுங்க!"

அப்போது கதவு தட்டப்பட்டது. யாராவது விருந்தினர் தண்ணீர் குடிக்க வந்திருப்பார்கள் என்று கண்ணாடிக்காரர் வாசலைப் பார்த்தார். வாசலில் யாரும் இல்லை. மறுபடி தட்டும் ஓசை. முழங்கால் உயரத்தில், இரும்பில், பொறுமையாக. பச்சைக் கதவு சற்றே உள்ளே தள்ளிக்கொண்டு வந்து, மறுபடி மூடியது. அடுத்த முறை மூடவில்லை.

அண்ணனைச் சுமந்துகொண்டு கண்ணாடிக்காரர் சுழல்படியில் ஏறினார். முதல் வளைவில் அண்ணனின் தோள் கைப்பிடிக் கம்பியில் மாட்டிக்கொண்டது. மனைவி கீழேயிருந்து தள்ளினாள். கம்பி விடவில்லை. அவள் கால்களைச் சுற்றி ஆறு வந்துவிட்டது. கடையில் கண் பரிசோதனைப் பலகை எழுத்துகளை மேலே காட்டிக்கொண்டு மிதந்து போனது. தையல் மெஷின் நின்ற இடத்திலேயே நின்று மூழ்கியது. மேற்பார்வையாளர் ஒன்றையும் தவறாக எழுதவில்லை.

வெளியே நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். பிறகு கைத்தட்டல், ஆணையரின் பேச்சுக்குக் கிடைத்ததைவிடப் பெரிதாக. வரைபட அதிகாரியின் குரல் அதில் தனியாகத் தெரிந்தது. "அம்பு போட்ட மாதிரியே! பாருங்க, அம்பு போட்ட மாதிரியே!"

"என்னங்க, திரும்பிச் சாயுங்க. தோள் வந்துடும்" என்றாள் மனைவி. தண்ணீர் அவள் இடுப்பில் இருந்தது. அவர் சாய்ந்தார். தோள் வந்தது. ஒரு படி ஏறினார்கள். தண்ணீரும் ஒரு படி ஏறியது.

அண்ணன் தம்பியின் காதருகே பேசினார். "டேய், இது இங்கருந்து எங்கடா போகும்?"

கண்ணாடிக்காரருக்கு அந்த வரைபடம் இப்போது மனப்பாடம். கண்ணை மூடித் தேடிப் பார்த்தார்.

"எங்கயும் போகாது அண்ணா. வரைபடம் இங்கயே முடிஞ்சிடுது."

வெளியே கைத்தட்டல் நிற்கவில்லை.